எங்கிருந்து வருகிறார்

வருகைப் பதிவேட்டில் ஐந்து கட்டம்.
பெயர், அடையாள அட்டை எண்,
எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார்,
கையெழுத்து.
மாவட்ட மன்றத்தில் துவான் ஹலீம்
அடிக்கோல் வைத்துத் தானே கோடு போட்டுக் காட்டினார்.
ஒரு கட்டம் காலியாக இருந்தாலும்
லைசென்ஸ் போய்விடும் என்றார்,
ஈப்போ பஸ் போய்விடும் என்பதுபோல.

போன வருஷம்வரை யாரும் கேட்டதில்லை.
ஆலைக்கு மெஷின் பார்க்க வரும் பையன்கள்,
கோயில் திருவிழாக் கூட்டம்,
சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்தால் போதும்.
இப்போது புது விதி.

பொம்பாக்காரர்கள் வந்து
சமையலறையில் சிவப்புச் சிலிண்டர் மாட்டச் சொன்னார்கள்.
மாட்டினேன், முருகனின் ஆணியில்.
முருகன் ஹாலுக்கு மாறினார்.
ஜன்னல் கம்பிக்கு உள்ளிருந்து திறக்கும் பூட்டு.
இரண்டு காடி நிற்க மஞ்சள் பெயிண்ட்.
பலகையில் மலாய் பெரிதாக,
தமிழ் அதற்குக் கீழே.
என் வீட்டின் பெயரை நானே
கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறேன்.

கடைசித் தாள்
பக்கத்து வீட்டார் சம்மதம்.

பத்தாம் எண் மக்சிக் ரொஸ்னா
கேட்டின் மேலேயே தாளை வைத்துப் போட்டாள்.
மகள் குடும்பம் வந்தால்
பாதி விலை என்று பேச்சு.

பதினாலாம் எண் செங்கோடன்.
செம்பனை ஆலையில் இருபத்தெட்டு வருஷம்
பாய்லர் பக்கம்.
ஒரு காது அங்கேயே போயிற்று.
மிச்சமிருக்கும் காதில்
என் விருந்தாளிகள் விழுகிறார்களாம்.
ஆவணியில் கிள்ளானிலிருந்து வந்த கல்யாணக் கூட்டம்
ராத்திரி இரண்டு மணிக்கு கராவோக்கே,
ஒரே பாட்டு ஏழு தரம்.
எண்ணியிருக்கிறார்.

முறுக்கோடு போனேன்.
மகனோடு போனேன்.
வெறும் பேனாவோடும் போனேன்.
"வீடு உன்னது. சுவர் ரெண்டு பேருக்கும்" என்றார்.
அது சரிதான்.
தோட்டத்தை விற்றபோது
கம்பெனி கட்டிக் கொடுத்த மலிவு விலை வீடு.
சுவரும் அதே விலைதான்.

பத்து மணிக்குமேல் சத்தம் கூடாதென்று
நாலு மொழியில் ஒட்டுகிறேன் என்றேன்.
"எந்த மொழியில் கத்தினாங்களோ
அந்த மொழியில் ஒட்டு."

அப்புறம் ஒரு வியாழக்கிழமை,
மழை, கரண்ட் போய் வந்த நேரம்,
பதினாலில் ஒரு தட்டு விழுந்தது.
மரகதத்தின் குரல். பிறகு கதவு.
என் வாசலில் செங்கோடன்,
கக்கத்தில் தலையணை.

"ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?"

"லைசென்ஸ் இல்லையே அண்ணே.
ஒரு கையெழுத்து குறையுது."

முறைத்தார். பேனா கேட்டார்.
டிவி மேலேயே தாளை வைத்துப் போட்டார்.
லைசென்ஸ் வருமுன் காசு வாங்கினால்தானே குற்றம்,
நான் வாங்கவில்லை.
பதிவேட்டை அவரே இழுத்துக்கொண்டார்.
எங்கிருந்து: எண் 14.
எங்கே என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
"காலையில எழுதறேன்."

காலையில்
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்,
போர்வை மடித்தபடி.
"இருமுறா" என்றார்.
"விடிய விடிய."

வீட்டில் படுத்தால்
நல்ல காது தலையணைக்குள் போய்விடுமாம்.
இங்கே கட்டில் திசை வேறு,
நல்ல காது மேலே.
"இந்தப் பக்கம் இவ்வளவு கேக்குமா?"

"பங்குனியிலிருந்து கேக்குது" என்றேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை.
பதிவேட்டைத் திறந்தார்.
தலையணையை மறந்துவிட்டுப் போனார்.
சிறிது நேரத்தில் அவர் காடி கிளம்பியது,
முன் சீட்டில் மரகதம்,
அரசாங்கக் கிளினிக் பக்கம் திரும்பியது.

துவான் ஹலீம் சோதனைக்கு வந்தபோது
முதல் வரியில் விரல் வைத்தார்.
எங்கிருந்து, எண் 14.
எங்கே, எண் 14.
இது என்ன என்றார்.

ஐந்து கட்டமும் நிரம்பியிருக்கிறது, துவான்.