குறிப்பிடத்தக்க சம்பவங்கள்

விடியும்முன்னே வந்துவிட்டோம்.
மட்டக்குளியில் ஒரு பாடசாலை, ஐந்தாம் வகுப்பு.
பிள்ளைகளின் மேசையில் முழங்கால் இடிக்க
மைப்போத்தலோடு உட்கார்ந்தேன்.

மை முத்திரையிட்டு வந்திருந்தது.
நிறம் பார்த்தார்கள், அடர்த்தி பார்த்தார்கள்,
மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.
ஒரு சொட்டுக் குறைந்தாலும்
காரணம் எழுத வேண்டுமாம்.

வெளியே, பிள்ளைகள் குடிக்கும் குழாயின் வாயில்
வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது.
வெள்ளை என்று நான் சொல்வது
அதைக் கட்டிய நாளை.

மற்ற நாட்களில் எனக்கு வேறு மேசை.
நீர் வழங்கல் சபை, முறைப்பாட்டுப் பிரிவு.
தமிழுக்கு இரண்டை அழுத்தினால்
வருகிற குரல் நான்தான்.

பெயர்களை உரத்து வாசிக்கிறார்கள்.
ஒவ்வொரு பெயரும் என்னோடு
ஏற்கனவே ஒருமுறை சண்டை போட்டிருக்கிறது.

செபமாலை யூஜின்.
"மிஸ், தண்ணியில மண்ணெண்ணெய் மணம்.
நெருப்புக்குச்சி கிட்டக் கொண்டுபோகப் பயமா இருக்கு."
ஆள் இவ்வளவு குட்டையா?
அந்தக் குரலுக்கு ஆறடி வைத்திருந்தேன்.

கமகே சுமனாவதி.
சிங்கள வரிசை நீளமென்று தமிழுக்குத் தாவியவர்.
"தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போட்டாலும் உப்பு."
மழையில்லாமல், கடல்
ஆற்றுக்குள் ஏறிவந்த மாதம் அது.

சித்தி மர்ழியா, கைக்குழந்தையோடு.
பதினொரு தரம் எடுத்தாள்.
பதினோராம் தரம் ஒன்றும் பேசவில்லை.
ஆஸ்பத்திரி இரைச்சல் கேட்டது,
பின்னால் யாரோ "சேலைன்" என்றார்கள்.
அந்தப் பிள்ளை இப்போது கொழுகொழுவென்று
என் மைக்குச்சியைப் பறிக்கப் பார்க்கிறது.
அல்ஹம்துலில்லாஹ், என்றேன் மனதுக்குள்.
எனக்குப் பழக்கமில்லாத சொல். இருந்தும்.

சின்னி விரலை நீட்டுகிறார்கள்.
பவுசருக்குப் பின்னால் கலனோடு ஓடிய விரல்.
கொதிக்கவைத்து ஆறவைத்து வடித்த விரல்.
நான் பேசக் கூடாது, சட்டம்.
கட்சி முகவர்கள் நால்வர்
என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
நான்கு கட்சி.
முன்னால் நான்கு தண்ணீர்ப் போத்தல்,
ஒரே கம்பனி.

இந்த ஒரு மாதம்
பாலம் கேட்டேன், தொடர்மாடி கேட்டேன்,
பூங்கா கேட்டேன். காதால்தான்.
ஆற்றின் மேலே ஒரு தொழிற்சாலை
இரவில் திறந்துவிடுகிற வாய்க்காலைப் பற்றி
எந்த ஒலிபெருக்கிக்கும் தொண்டை திறக்கவில்லை.

என் வாக்கு தபாலில் போய் இரண்டு வாரம்.
நீளமான தாள். சின்னங்களுக்குள்
குடம் இருக்கிறதா என்று தேடினேன், விளையாட்டுக்கு.
புள்ளடி போடாமல் பேனை நின்ற நேரத்தில்
அத்தாட்சிப்படுத்தும் அலுவலர்
இரண்டு தரம் கடிகாரம் பார்த்தார்.
வேட்பாளர்களில் ஒரே ஒருத்தி எங்கள் கந்தோருக்கு வந்து
நீர்ப் பரிசோதனை அறிக்கை கேட்டவள்.
கொடுக்க எனக்கு அதிகாரமில்லை.
குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.
அவளுக்குப் போட்டேனா? அது இரகசியம்.
அவள் வெல்லமாட்டாள்.
அது இரகசியமில்லை.

மூன்று மணிபோலக் குழாய் இருமியது.
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
முதலில் காற்று. பிறகு தேத்தண்ணி நிறம்.
பிறகு, தெளிந்தது என்று
சொல்லிக்கொள்ளக்கூடிய எதுவோ.
முகம் கழுவப்போன பொலிஸ்காரர்
கழுவாமல் திரும்பிவந்தார்.

நான்கு மணிக்குப் பெட்டிக்கு அரக்கு வைத்தோம்.
மிச்ச மையை அளந்தேன். சரியாக இருந்தது.
தலைமை தாங்கும் அலுவலர் அபேரத்ன
நாட்குறிப்பை என் பக்கம் தள்ளினார்.
"குறிப்பிடத்தக்க சம்பவங்கள்.
இல்லை என்று போடுங்கள்."
போட்டேன். இல்லை.
கீழே கொஞ்சம் இடம் இருந்தது:
பி.ப. 3.05. குழாய் நீர். பழுப்பு. ஆறு நிமிடம்.
பழக்கதோஷம்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.
வெட்டிவிடுவார் என்று நினைத்தேன்.
"மிஸ் எந்தத் திணைக்களம்?"
சொன்னேன்.
சிவப்புப் பேனையை எடுத்து
3.05 ஐ மட்டும் திருத்தினார்,
3.07 என்று,
ஒப்பமிட்டார்.