இரண்டரை ஆள் உயரம்

பாசல் நகரில் மழை.
நிலவறைக்கு மேலே டிராம் திரும்பும்போதெல்லாம்
மேசை விளக்கு லேசாக நடுங்கும்.
கண்ணாடியைத் தூக்கிய கையை
அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொள்வேன்.

இன்று எண்பத்தெட்டாம் தகடு.
எக்கென்ஷ்விலர் என்ற சாயப்பட்டறை முதலாளியின் மகன்
1879இல் குவாத்தமாலாவின் காட்டிலிருந்து
கோவேறு கழுதை முதுகில் வைக்கோல் சுற்றி அனுப்பிய
நூற்றுப் பதினொன்றில் ஒன்று.
ஒரு மூலை உடைந்திருக்கிறது.
விளிம்பில் கட்டைவிரல் ரேகை,
யாருடையது என்று படிவம் கேட்கவில்லை.

நடுவில் கல்.
தலையில் இறகுக் கோபுரம் சுமந்த அரசன்.
அவன் விலாவோரம் மேலிருந்து கீழாக
அச்சுவெல்லம் அடுக்கியதுபோல் எழுத்துகள்.
கல்லைச் சுற்றி ஒன்றுமே இல்லை.
காடு முழுவதையும் கருஞ்சிவப்பு மை பூசி அடைத்திருக்கிறது.
அச்சிட்டால் வெள்ளைத் தாளில் தனிக் கல்,
நேற்றுத்தான் பார்சலில் வந்து இறங்கியதுபோல.

பூசியவள் ஃப்ரீடா ட்சும்ஸ்டைன்.
ஸ்டூடியோ கணக்குப் புத்தகத்தில் அவள் கையெழுத்து சாய்ந்து ஓடுகிறது:
88. மரங்கள், ஆள் ஒருவன். நீக்கம். இரண்டு ஃபிராங்க்.

ஆள் ஒருவன்.

படம் எடுத்தவனின் நாட்குறிப்பைத் தேடினேன்.
'உயரம் தெரியட்டும் என்று
சுமைகாரன் ஒருவனைக் கல்லோடு நிறுத்தினேன்.
இருபது எண்ணும்வரை அசையாதே என்றேன்.
பதினேழில் கொசு.'
பிறகு நாடா பிடித்து அளந்துவிட்டார்கள்.
நான்கு மீட்டர், பன்னிரண்டு சென்டிமீட்டர்.
அதற்கப்புறம் ஆள் எதற்கு?

என் மொழியில் இன்னும்
கிணற்றையும் வெள்ளத்தையும் ஆளை வைத்தே அளக்கிறோம்.
ஓராள் ஆழம், இரண்டாள் உயரம்.
எந்த ஆள் என்று யாரும் கேட்பதில்லை.
நானும் கேட்டதில்லை.

சுரண்டிவிடலாம்.
எச்சில் தொட்ட பஞ்சுக்கே இந்த மை இளகும்.
ஆனால் மையும் இப்போது தொல்பொருள்,
ஃப்ரீடாவின் இரண்டு ஃபிராங்குக்கும்
இங்கே பாதுகாப்பு உண்டு.

ஒளிப்பெட்டியை அணைத்தேன். தகட்டைத் திருப்பினேன்.
கையுறைக்குள்ளிருந்த சூட்டுக்கே
பழைய வார்னிஷ் லாவெண்டராக மணந்தது.
கீழிருந்து வெளிச்சம் வந்தால்தான் அந்த மை திரை.
பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கும்
முதுகில் கருமையும் கிடைத்துவிட்டால்
ஈரத் தகட்டு வெள்ளி நேராகிவிடும்,
வெளுப்பு வெளுப்பாக, கறுப்பு கறுப்பாக.

அரசன் இன்னும் எதிர்மறையிலேயே இருக்கிறான்,
கன்னம் கரி, கண்குழி வெள்ளை.
பக்கத்தில், மை பூசிய இடத்தில் மட்டும்
அவன்
நேர்ப்படமாக நிற்கிறான்.

முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டை.
தொப்பியைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும், கையில் இருக்கிறது.
வயிற்றை எக்கியிருக்கிறான்.
முகம் இரண்டு:
ஒன்று லென்ஸைப் பார்க்கிறது, ஒன்று கொசுவை.
சுமைப்பட்டையின் தழும்பு
இரண்டு நெற்றியிலும்.

மறைக்கப் பூசியதே காட்டும் என்று
ஃப்ரீடாவுக்குத் தெரியுமா?
தெரியாது என்றே நினைக்கிறேன். மாலை வெளிச்சம் போவதற்குள்
இன்னும் ஏழு தகடு பாக்கி இருந்திருக்கும்.
தூரிகை எங்கும் தடுமாறவில்லை,
வலது பாதத்தின் ஐந்து விரல்களை மட்டும் விட்டுவிட்டாள்.
அச்சான புத்தகத்தில் அவை கல்லின் அடியில் தெரிகின்றன.
'ஐந்து சிறு படையற்கற்கள்' என்று
பேராசிரியர் ஒருவர் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்.

மணி ஐந்தரை. படிவம்.
படத்தில் நபர்கள்: கணினி முழு எண்ணைத்தான் ஏற்கும்.
ஒன்று என்று அடித்தேன்.
உடனே கீழே புதிதாக ஒரு கட்டம் திறந்தது,
பெயர்,
சிவப்பு நட்சத்திரக் குறியோடு.
காலியாக விட்டால் சேமிக்காது.
'தெரியவில்லை என்று போடு, எல்லோரும் அதைத்தான் போடுவோம்'
என்கிறார் கோட்டை மாட்டிக்கொண்டே திருமதி ஷெல்லன்பெர்க்.

மேலே டிராம் திரும்புகிறது.
கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.