வரும் வருடத்து ஏப்ரல்

மூன்று வருடம் ஓடினேன்.
அதைத்தான் நிர்வாகம் என்று நினைத்திருந்தேன்.
ஐஸ் வரவில்லையா, நம்புதாளைக்கு ஓடு.
வண்டி தேவிபட்டினத்தில் நின்றுவிட்டதா,
வேறு வண்டிக்கு ஓடு.
ஆவியில் வெந்த நண்டு ஆறுவதற்குள்
இருநூற்றுப் பதினான்கு பெண்களில்
யாரோ ஒருத்திக்கு யாரோ ஒருத்தியோடு தகராறு. ஓடு.
ராத்திரி சார்ஜில் போடும்போது
கைபேசி என்னைவிடச் சூடாக இருக்கும்.
தொண்டிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும்;
அலையில்லாத கடலை வைத்துக்கொண்டு
எனக்குத்தான் இத்தனை அலைச்சல்.
ஊர் என்னைச் சுறுசுறுப்புக்காரி என்றது.
எனக்கும் அது பிடித்திருந்தது.

மதுரையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
ஏசி ஹால். வண்ண வண்ண ஒட்டுச்சீட்டு.
தொலைநோக்கை எழுதுங்கள் என்றார்கள்.
'வளர்ச்சி' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன்.
சாயங்காலம் அது உதிர்ந்து கிடந்தது,
பெருக்குகிறவர் கூட்டிக்கொண்டு போனார்.

பிறகு ஓர் ஐப்பசிச் செவ்வாய்.
தூத்துக்குடி ஏஜென்ட் பெலவேந்திரன்
எடை போட்டு, டீ குடித்து, கிளம்பிப் போன பிறகு
தராசுக்குப் பக்கத்தில் அவருடைய டைரி.
பச்சை அட்டை. நண்டுத் தண்ணீர் பட்டு ஓரம் ஊறியிருந்தது.
திறந்தது தப்பு.
திறந்தேன்.

எங்கள் பேரேட்டில் நேற்றைய கிலோ இருக்கும்,
முந்தாநாள் கிலோ இருக்கும்.
அவர் டைரியின் கடைசிப் பக்கங்களில்
வரும் வருடத்துக் கட்டங்கள்.
ஏப்ரல் பதினைந்துக்கு நேராகச் சின்ன எழுத்து:
'விசைப்படகு நிற்கும். தொண்டிக்கு முன்பணம்.
ஜூன் விலை நாற்பது குறை.'

எங்கள் வீடுகளில் அரிசி தீரும் தேதி
எனக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்திருக்கிறது.
ஆறு மாதம் முன்னாலேயே ஒரு மனுஷன்
எங்கள் பசிக்குக் கீழே
பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

கோபம் வரவில்லை.
வலையைக் கரையிலிருந்தே பார்த்துப் பழகியவள்
அன்றைக்கு நண்டின் பக்கத்திலிருந்து பார்த்தேன்.
கண்ணி எவ்வளவு நிதானமாகப் பின்னப்பட்டிருக்கிறது.

கணக்குப் பார்க்கும் உம்மு சல்மாவிடம் நீட்டினேன்.
அவள் கையில் வாங்கவே இல்லை.
"மறந்துட்டுப் போனாரா,
விட்டுட்டுப் போனாரா?"

அந்தக் கேள்வி என்னை ஒரு வாரம் உட்கார வைத்தது.
ஐஸ் வராத அன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன்.
(ஐஸ் வந்தது. யாரோ போயிருக்கிறார்கள்.)
விட்டுவிட்டுப் போனார் என்றால் எதற்கு,
பயந்துபோய் இப்போதே கையெழுத்துப் போடுவோம் என்றா?
மறந்தார் என்றால்
நாங்கள் பார்த்திருப்போம் என்று எப்போது உறைக்கும்?
உறைத்த பிறகு அந்த நாற்பது எத்தனையாகும்?
மேலே வாடை ஒரு பக்கம் தள்ளும்,
அடியில் நீவாடு வேறு பக்கம் இழுக்கும்.
கடலுக்குப் போகிறவர்களுக்கு இது தினசரி.
நண்டு உடைக்கிற எனக்கு
நாற்பத்திரண்டாம் வயதில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

திருப்பிக் கொடுத்தபோது
பெலவேந்திரன் ஊறிய ஓரத்தைத் தடவிவிட்டுச் சிரித்தார்.
அந்தச் சிரிப்பை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா
இன்றுவரை தெரியவில்லை.

கார்த்திகையில் கூட்டம்.
கிலோவுக்கு ஆறு ரூபாய் பிடிக்கலாம் என்றேன்.
ஏப்ரலுக்கு. நமக்கு நாமே முன்பணம்.
மழை மாதத்தில் ஆறு ரூபாய் என்பது
பிள்ளையின் பிஸ்கட்.
பத்தொன்பது பேர் எழுந்து போனார்கள்,
முதல் ஆள் என் நாத்தனார் அமலோற்பவம்.
அவள் முதுகைப் பார்த்தபடியே தீர்மானத்தை வாசித்தேன்.
முன்பென்றால் பின்னாலேயே ஓடியிருப்பேன்.
கால் துடித்தது, பொய் சொல்வானேன்.

இப்போது மாசி. சேர்ந்தது போதாது.
அறுபத்தோரு நாள் தடையில்
முப்பத்தேழு நாளுக்குத்தான் தாங்கும் என்கிறாள் உம்மு சல்மா.
நானும் ஒரு டைரி வாங்கினேன்; பச்சை கிடைக்கவில்லை.
மீதி இருபத்துநாலு கட்டங்களில் எதுவும் எழுதாமல்
தினமும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
வெளியே கைபேசி அடிக்கிறது.
யாராவது எடுப்பார்கள்.

ஜூன் பதினைந்துக்கு நேராக மட்டும்
பெலவேந்திரன் என்று எழுதி
ஒரு கேள்விக்குறி.
பென்சிலால்.