கடைசி பஸ்ஸில் ஏழு வில்லன்கள்

ஹட்டனில் ஆறே முக்காலுக்கு
கடைசி பஸ் அசையும்போதே
கிங்ஸ்லி தொடங்கிவிட்டான்:
"மூன்றாம் பாகத்துக்காரிதான் வில்லி.
மற்றதெல்லாம் மேக்கப்."

'கருவளையம்' ஏழு பாகமும்
இரண்டு கிழமையில் பார்த்து முடித்திருந்தோம்.
அவன் போன் கடையில், நான் மருந்துக் கடையில்,
இருவர் கண்ணுக்குக் கீழேயும்
படத்தின் பெயர்.

டிக்கோயா தாண்டும்வரை அவன் கட்சி.
அவளுடைய கிரகத்தை எரித்தது நாயகனின் அப்பா.
அவள் கேட்டது ஒரேயொரு மன்னிப்பு,
கிடைக்காமல்தான் கப்பல் கட்டினாள்.
"நியாயம் உள்ளவளிடம் தோற்றால்தான்
தோல்விக்கு ருசி, தயா."
ருசியாம்.
ஒன்பது கோடிப் பேரைக் கொல்ல
அவளுக்கு இருபது நிமிஷம் போதுமாயிருந்தது.
அதில் ஒருவருக்கும் முகமில்லை.

என் கட்சி முதலாம் பாகம்.
காசில்லாமல் எடுத்த படம்,
கதவைச் சாத்தினால் சுவர் ஆடும்.
ஒரு சுரங்க நிலவு,
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
காற்றுக் குழாயின் திருகு
ஓர்வா என்ற கணக்கன் கையில்.
அவன் கத்துவதில்லை.
பேரேட்டைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.
"உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதாமே,
மூச்சு ஒன்று கூடிவிட்டது" என்கிறான்.
குறித்துக்கொள்கிறான்.
அந்த இடத்தில் எழுந்துபோய் லைட்டைப் போட்டேன்.

"அதெல்லாம் ஒரு வில்லனா?
எங்கள் டிவிஷனில் அப்படி நாலு பேர்."
கிங்ஸ்லி சிரித்தான்.
முன் சீட்டில் யாரோ சேர்ந்து சிரித்தார்கள்.

நாலாம் பாகத்தில் சூரியனை விழுங்குகிறவன்.
ஐந்தில் நேற்றையே அழிக்கிறவன்.
ஆறில் எல்லா அண்டமும் போகும் என்றார்கள்,
எல்லாம் போகும் என்றதும்
எனக்கு எதுவுமே போவதாகப் படவில்லை,
கொட்டாவி வந்தது.
ஏழில் ஓர்வாவையே உயிரோடு எழுப்பி
நல்ல மாமாவாக்கி
கல்யாணப் பந்தலில் உட்கார்த்தி வைத்தார்கள்.
அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

காசல்ரீக் கரையில் பனிமூட்டம்.
வளைவில் எதிரே ஒரு லொறி.
இரண்டும் மூக்கு முட்ட நின்றன.
டிரைவர் நிஹால்
கண்ணாடியில் எங்களைத்தான் பார்த்தார்.
"இரண்டாம் பாகத்தில் அந்த முந்நூறு கப்பல் சண்டை,
நானும் பார்த்தேன், மகனோடு.
ஒருத்தனும் பிரேக் பிடிக்கவில்லை.
அந்த வேகத்தில் யாராவது
வளைவு எடுப்பானா, மிஸ்?"

சொல்லிவிட்டு
ஹெட்லைட்டை ஒருதரம் அணைத்துப் போட்டார்.
லொறிக்காரனும் போட்டான்.
யார் பின்னால் போவது?
அங்கே ஒரு லோட் கொழுந்து.
இங்கே முப்பத்தொரு பேர்,
மடியில் பாண், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி,
என் பையில் அந்தோணிமேரி அக்காவுக்கு
ஐஸ் சுற்றிய இன்சுலின்.
கீழே தண்ணீர் இருக்கிறது என்பது
சத்தத்தில்கூடத் தெரியவில்லை.

கொண்டக்டர் இறங்கிப் போய்
பஸ்ஸின் முதுகில் தட்டினான்.
"வா, வா, வா, கொஞ்சம் உடை, வா..."
நாற்பது அடி.
பின்சில்லு மண்மேட்டில் ஏற,
தேயிலைச் செடி என் ஜன்னலை உரச,
யாருடைய வாளியோ உருண்டு போய்
யாருடைய காலிலோ நின்றது.
லொறி கடக்கும்போது ஒரு கை வெளியே நீண்டது.
பின்னணி இசை ஒன்றுமில்லை,
இஞ்சின்தான் இருமியது.

நோர்வூட்டில் கிங்ஸ்லி புட்போர்டில் நின்றபடி
"என்றாலும் மூன்றுதான்" என்றான்.
"அவள் அழுதாளே."
"ஓர்வா அழவில்லை" என்றேன்.
அதற்குள் இறங்கிவிட்டான்.

எட்டாம் பாகம் வருகிறதாம்.
டிரெய்லரில் இருட்டு மட்டும்தான், வில்லன் யாரென்று தெரியாது.

பொகவந்தலாவை வருமுன்
கொண்டக்டர் என் சீட்டருகே நின்றான்.
"தயா மிஸ், மிச்சம் இருபது ரூபாய்.
சில்லறை இல்லை, நாளைக்கு."
டிக்கெட்டைத் திருப்பி
பேனாவை அழுத்தி
குறித்துக்கொண்டான்.