இறங்கும் ஏலம்

டிசம்பரில் எஸ்கில்ஸ்தூனா
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டுவிடும்.
நான்காம் மாடியில் குன்வோர் லிண்ட்க்விஸ்ட்
உறைகளைப் பிரிக்கிறாள்.
உறை என்பது பழக்கதோஷம்.
திரையில் பூட்டிக் கிடந்த கோப்புகள் அவை;
பன்னிரண்டுக்குப் பூட்டு தானே திறந்துகொண்டது.
எண்களைச் சரிபார்க்க
ஒப்பந்தத்தில் வந்தவன் நான்,
பக்கத்து நாற்காலி.

மீன் ஏலம் மேலே ஏறும்.
இது இறங்குகிற ஏலம்.
ஒரு டன் கரிக்காற்றைப் புகைபோக்கியில் பிடித்து
குளிரவைத்து
கப்பலேற்றி
வேறொரு நாட்டின் கடலடிப் பாறையில் செலுத்த
யார் குறைவாகக் கேட்கிறாரோ
அவருக்கு அரசாங்கம்
பதினைந்து ஆண்டு படியளக்கும்.

ஒரு டன் என்றால்
எட்டு மீட்டர் நீளம், எட்டு அகலம், எட்டு உயரம்.
உள்ளே யாருமில்லாத ஒரு சின்ன தேவாலயம்.
நாட்டுக்கு வேண்டியது
ஆண்டுக்கு இருபது லட்சம் தேவாலயங்கள்.

மூன்றே பேர் கேட்டிருந்தார்கள்.
ஒரு காகித ஆலை, வழக்கறிஞர்கள் எழுதிய நடையில்.
ஒரு பெருநகரத்துக் குப்பை எரிப்பகம், வண்ணப்படங்களோடு.
மூன்றாவது ஹல்விக்கென்.
வடக்கே, நாலாயிரம் வீட்டுக்கு வெந்நீர் அனுப்பும்
மரச்சில்லு உலை.
தூர்ஷெல் நைபெர் தானே தட்டச்சு செய்திருக்கிறார்.
கூட்டலில் தப்பில்லை. எழுத்தில் பதினேழு.
இணைப்பு நான்கின் கடைசியில்
யாரும் கேட்காத ஒரு பத்தி:
"புகைபோக்கி மேல் வெள்ளை வராவிட்டால்
காற்று எந்தப் பக்கம் என்று
படகுக்காரர்கள் எப்படி அறிவார்கள்
என ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள்.
அது நீராவி, அது இருக்கும் என்றேன்.
அதையும் பதிவு செய்யவும்."

ஸ்டாக்ஹோமிலிருந்து தொலைபேசி.
செயல்திட்டத்தின் நாற்பத்தேழாம் பக்கம்
மறுபடி திருத்தப்படுகிறதாம்.
அங்கே ஒரு பட்டியல் உண்டு: மீதம்.
எவ்வளவு குறைத்தாலும் குறையாதவை.
முதலில் சிமெண்ட் மட்டும் இருந்தது.
பிறகு மாடுகள் வந்தன.
விமானங்கள் வந்தன.
எஃகு, உரம், ராணுவம்,
போன வாரம்
பனிச்சறுக்கு விடுதிகளின் சங்கம்.
பந்தி முடிந்து இலையில் கிடப்பதல்ல இந்த மீதம்.
உட்காருமுன்னே
எடுத்துக் கட்டிவைத்தது.

பட்டியல் நீளமானது.
வாக்கியம் குட்டையானது.
ஸ்கா என்றிருந்ததைக் கான் ஆக்குகிறார்கள்.
ஸ்கா என்றால் செய்தே தீர வேண்டும்.
கான் என்றால் முடிந்தால்.
அவர்கள் மொழியில் இரண்டுக்கும் மூன்றே எழுத்து;
பக்க எண்கூட நகராது.
நமக்கு ஒரு லாம் போதும்:
அகற்றப்படும்,
அகற்றப்படலாம்.

குன்வோர் சண்டை போடவில்லை.
"நிதியமைச்சகம் பார்த்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டாள்.
ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தாள்.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது.
என் மொழியின் பழைய ஏடுகளில்
கரிக்கு இன்னொரு பொருள், சாட்சி.
கரியைப் புதைக்கிறோம் என்றால்
சாட்சியைப் புதைக்கிறோமா,
இல்லை, பாறைக்குள்ளாவது
ஒருவரை நிறுத்திவைக்கிறோமா?
அதைக் கேட்க என் ஸ்வீடிஷ் போதவில்லை.
"மூன்றாவதில் கையெழுத்து இல்லை" என்றேன்.

உண்மைதான். இணைப்பு ஆறு, வெற்றுக் கோடு.
விதிப்படி தள்ளிவிடலாம்.
விதிப்படி ஒருமுறை கேட்கவும் செய்யலாம்.
அவள் கேட்டாள்.

நாற்பது நிமிடத்தில் பதில்:
"மன்னிக்கவும். கொதிகலன் பக்கம் இருந்தேன்.
இங்கே கழித்தல் பத்தொன்பது.
கையுறையைக் கழற்றிப் போட்டிருக்கிறேன், கோணல்தான்.
முடிவு எப்போது?"

மார்ச்சில், என்று தொடங்கி
அவள் விரல் நின்றது.
சுத்தம் செய்பவர் உறிஞ்சியைத் தள்ளிக்கொண்டு
எங்கள் கால்களைத் தூக்கச் சொன்னார்.
தூக்கினோம்.
காலைத் தூக்கியபடியே
ஸ்கா என்று அடித்து
அனுப்பினாள்,
யாரையும் கேட்காமல்.

பிறகு பேருந்துக்கு ஓடினாள்.
நான் ஆறாம் இணைப்பைத் திறந்து
கோணல் கையெழுத்துக்கு நேரே
சரி என்று குறித்தேன்.