அடிப்பக்கம்

அந்த லாரியின் முகம் எனக்குத் தெரியாது.
ஜூலை மழை, வெலிங்டன் போகிற வளைவு.
ஸ்கூட்டர் ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம்,
நான் மட்டும் வண்டிக்கடியில் மல்லாந்து.
பதினைந்து நிமிடம் என்கிறார்கள்.
மனப்பாடம் ஆவதற்கு அது போதும்:

பின் அச்சின் நடுவே உருண்ட இரும்புத் தொப்பை.
ஒன்பது பட்டை ஸ்பிரிங், அதில் ஒரு பட்டை மட்டும் புதுசு.
சைலன்சர் சூட்டில் மழைத்துளி விழுந்து
செத்துச் செத்து எழுந்த சீறல்.
யு-போல்ட்டில் சிக்கியிருந்த ஒரு தேயிலைக் கொத்து
இன்னும் எங்கோ போய்க்கொண்டிருப்பதாக
நினைத்து ஆடியது.

கால் இரண்டு இடத்தில் போயிற்று.
நான் பல் கட்டுகிறவன்.
குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் மாடியில் சின்ன லேப்.
ஊர் வாயையெல்லாம் அச்செடுக்கக் குழைத்த அதே மாவு
தொடைவரை ஏறி
மூன்று மாதம் என்னை அச்செடுத்தது.

கடையில் கிடைத்த பெட்டி வேறு ஏதோ நாட்டு லாரி.
முப்பத்தைந்தில் ஒன்று அளவு.
சக்கரத்தை வைத்துக்கொண்டேன், மூஞ்சியை அறுத்தேன்.
கேபினைப் பல்செட்டு அக்ரிலிக்கில் வார்த்தேன்.
ஒரு வாரம் என் மேசையில்
ஈறு நிறத்தில் நின்றது
இந்திய ராணுவம்.

பச்சை அடித்த இரவு ஜன்னல் சாத்த மறந்தேன்.
மூடுபனி வந்து ஈரப் பெயிண்டில் படுத்துவிட்டுப் போயிருந்தது.
காலையில் பானெட் முழுக்க வெள்ளை பூத்து,
புரை விழுந்த கண் மாதிரி.
சுரண்டினேன். மறுபடி அடித்தேன்.
மழை விடாத ஊரில் பெயிண்ட் காயவைக்க
ஹேர் டிரையர் பிடித்துக்கொண்டு நிற்பவனை
எதிர் மாடி டியூஷன் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள்.

பல்லுக்கு ஒரு நிற அட்டை உண்டு. பதினாறு வெள்ளை.
எல்லோரும் முதல் வெள்ளையைத்தான் கேட்பார்கள்.
வாய்க்குள் போனதும் அது பொய் என்று தெரிந்துவிடும்.
வேர்ப்பக்கம் கொஞ்சம் மஞ்சள், நுனியில் கொஞ்சம் புகை,
அப்புறம்தான் அது கடிக்கும்.
லாரிக்கும் அதையே செய்தேன்.
கதவுப் பிடியில் கை தேய்ந்த வெளிறல்,
படியில் பூட்ஸ் உரித்த ஈயநிறம்,
மட்கார்டில் நம் செம்மண்.
நம்பர் பலகையில் மேல் நோக்கிய அம்பை
ஒற்றை முடித் தூரிகையால் நான்கு தடவை அழித்து எழுதினேன்.

அடிப்பக்கத்துக்குத்தான் நாள் அதிகம் ஆயிற்று.
யார் பார்க்கப் போகிறார்கள் என்றான் பெள்ளி,
பல்செட்டு கொண்டுபோய்க் கொடுக்கிறவன்.
நான்தான் பார்த்தேனே.

ஓட்டிய நாயக் அப்பல நாயுடு,
பொப்பிலிக்காரர்.
ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்தார்.
கேன்டீன் சோப்பு ஆறு கட்டிலில் வைத்துவிட்டு
என்ன பேசுவதென்று தெரியாமல்
மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஞாயிறு லேபுக்கு வந்தார், யூனிஃபார்ம் இல்லாமல்.
வந்தவர்களெல்லாம் முன்னால் குனிந்து
அசல் அசல் என்றார்கள்.
அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்தார்,
கவிழ்த்தார்.
பட்டைகளை நகத்தால் எண்ணினார்.
புதுசில் நின்றார். தலையாட்டினார்.
பின் இடது சக்கரத்துக்குப் போனார்.

“இங்க ஒரு சொட்டு இருக்கணும் சார்.
பிரேக் ஆயில்.
மூணு வாட்டி எழுதிக் குடுத்தா.”

தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல்
சக்கரம் தரை தொட வைத்துவிட்டு
டீ வேண்டாம் என்று இறங்கிப் போனார்.

என் கன்னத்தில் ஒன்று விழுந்தது.
மழை என்றுதான் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன்.
மற்றதெல்லாம் சில்லென்று வழிந்தபோது
அது மட்டும் வழியாமல் நின்றதை
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பல்லுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ்,
அதில் ஊசிமுனை அளவு தேன் நிறம்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கவிட்டேன்.
இரவே காய்ந்துவிட்டது, கல் மாதிரி.
ஆனாலும் எடுக்கும்போதெல்லாம்
விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை மறுபடி விசாரணை, பத்து மணிக்கு.
பழைய பல்செட்டு அட்டைப்பெட்டியில் பஞ்சு விரித்து
லாரியைத் தலைகீழாகப் படுக்க வைத்தேன்.
மூடியைச் சாத்தவில்லை.