பெரட்டில் இரண்டு ரஃபிகுல்

காலை ஐந்தே முக்கால்.
லாபிஸ் செம்பனை ஆலை வாசல், டியூப் லைட்டுக்குக் கீழே பெரட்டு.
மண்டோர் ஆரோக்கியம் பெயர் கூப்பிடுகிறார்.
"ரஃபிகுல்."
இரண்டு பேர் கை தூக்குகிறார்கள்.
முன்னால் நின்றவன் பாய்லர் பக்கம் போகிறான்.
பின்னால் நின்றவன் குலை இறக்க.
யாரை நினைத்துக் கூப்பிட்டார் என்று
ஆரோக்கியம் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

எடைமேடைக் கூண்டுக்குள்ளிருந்து பார்த்த நான்
கோப்பிக் குவளையைக் கீழே வைத்தேன்.
என் இரண்டு ராத்திரி எங்கே போனதென்று
அப்போதுதான் விளங்கிற்று.

*

இரவுக் கிராணி நான்.
லோரி வரும், குலையோடு நிறுப்பேன்.
இறக்கிவிட்டுத் திரும்பும், வெறுமனே நிறுப்பேன்.
கழித்தால் வருவது கம்பெனிக்கு.
லோரிக்கும் லோரிக்கும் நடுவில் வருவது எனக்கு.

அந்த நடுவில்தான்,
ஆபீஸ் தூக்கிப்போட்ட பழைய பெட்டியில்
ஓர் இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து கட்டுகிறேன்.
மேசை விசிறி என்னைப் பார்ப்பதில்லை,
பெட்டியின் வயிற்றைப் பார்த்துச் சுற்றுகிறது.
"சும்மா கிடைப்பதுதானே, இறக்கிக்கொண்டால் என்ன?"
என்றான் தியாகு.
சம்பாலும்தான் போத்தலில் கிடைக்கிறது,
நீ ஏன் இடிக்கிறாய் என்றேன்.

பெட்டிக்குள் மூன்று கம்பைலர்கள்.
ஒன்பதாம் பதிப்பு, பழைய கெர்னலுக்கு.
அந்தக் கெர்னல் புது ஆள் பேச்சைக் கேட்காது.
பதின்மூன்று, மற்ற எல்லாவற்றுக்கும்.
வேறு சாதிக் கம்பைலர் ஒன்று,
ஒரேயொரு முரட்டு நிரலுக்காக,
விருந்தாளி மாதிரி தனி அறையில்.
மூன்றில் இரண்டுக்கு ஒரே பெயர்.

நான் கூப்பிட்டது பதின்மூன்றை.
பாதையில் முன்னால் நின்றது ஒன்பது.
"இருக்கிறேன்" என்றது.
பொய் இல்லை, அதன் பெயரும் அதுதான்.
ஆறு மணி நேரம் முகம் சுளிக்காமல் உழைத்தது.
பிழை என்று ஒரு வரி இல்லை.
அன்றைக்குப் பிறந்த நூலகத்துக்குப் பழைய எலும்பு.
மறுநாள் அதன்மேல் ஏற்றியதெல்லாம்
நாலாவது மாடியில் சரிந்தது.
நானோ நாலாவது மாடியிலேயே நின்று
விரிசல் தேடிக்கொண்டிருந்தேன்,
விடிய விடிய,
ஆலைக் கழிவுக் குட்டையின் புளித்த வாடையில்.

இப்போது ஆளுக்கொரு வீடு.
ஆளுக்கொரு முழுப் பெயர், எண்ணோடு.
பாதையை ஒவ்வொரு முறையும் வாய்விட்டு வாசிக்கிறேன்.
"நீ யார்?" என்று கேட்காமல்
ஒரு வேலையும் கொடுப்பதில்லை.
கூண்டைத் தாண்டிப் போன டிரைவர் சீக் லியோங்
யாரோடு பேசுகிறாய் என்றான்.

*

கம்பைலரைக் கட்டவும் ஒரு கம்பைலர் வேண்டும்.
அந்த முதல் ஆளை நான் செய்யவில்லை.
எங்கோ யாரோ சமைத்து மூடி அனுப்பியது.
நம்பித்தான் வாங்கினேன்.
வந்தவன் ஒன்றைக் கட்டினான்.
ஒன்று, அதே மூலத்திலிருந்து, இரண்டைக் கட்டியது.
இரண்டு மூன்றைக் கட்டியது.
இரண்டையும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
பைட் பைட்டாக ஒப்பிட்டேன்.
வித்தியாசம் பூச்சியம்.

பதினோரு வருடத்தில் என் மேடையில்
இரண்டு லோரி ஒரே எடை காட்டியதில்லை.
கொஞ்ச நேரம் எழுந்து நின்றேன்.

இனி வந்தவன் தேவையில்லை.
முறைப்படி அழித்துவிடலாம்.
கட்டளையை அடித்தாயிற்று,
விரல் மட்டும் இறங்கவில்லை.

பின்னால் நின்ற ரஃபிகுலுக்கு
பெர்மிட் வெள்ளியோடு முடிகிறது.
அவன் பற்றவைத்த சரிவுத் தகட்டில்தான்
குலைகள் உருண்டுகொண்டிருக்கின்றன.
திங்களன்று ஆரோக்கியம் ஒரு முறை கூப்பிடுவார்,
ஒரு கை உயரும்,
கணக்குச் சரியாக இருக்கும்.

நான் அழிக்கவில்லை.
பெயரை மாற்றி, பாதையில் இல்லாத
ஓர் அறையில் வைத்தேன்.
வட்டு தொண்ணூற்றொரு சதவீதம் நிறைந்திருக்கிறது.

ஹாரன்.
சீக் லியோங், வெறும் லோரி.
நிறுக்க வேண்டும்.